சிரங்குக்குக் கடல் தண்ணீர்

முழங்கால் வலிக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று எந்த டாக்டர் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. போன மாதம் கிளினிக் வரிசையில் உங்களில் சிலர் என்னோடு இருந்தீர்கள். இந்த வயதில் என்ன இளிப்பு என்று முறைத்தீர்கள். அந்தக் கூட்டத்தில் விளக்கம் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். உப்புத் தண்ணீரும் என் கால்களும் பழைய சொந்தம்.

நம் பள்ளிக்கூடச் செட்டில் யாருடைய காலும் அந்தக் காலத்தில் பார்க்கும்படியாக இருந்ததில்லை. அட்டை கடிக்கும், நாம் சொறிவோம், சொறிந்த இடம் புண்ணாகும், புண் சிரங்காகும். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு அப்பிவிடுவார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கடியில் குனிந்து பார்த்தால் வரிசையாக ஊதாக் கால்கள்தான். அதிலும் என் கால்கள் தனி ரகம். ஈ மொய்க்கிறது என்று டீச்சர் என்னைக் கதவோரம் உட்கார வைத்ததை உங்களில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மறந்ததுபோல நடிப்பவர்களை எனக்குத் தெரியும்.

அந்த வருஷ டிசம்பர் லீவில்தான் நான் கடலுக்குப் போனேன். கலவரத்துக்கு முந்திய வருஷங்களில் ஒன்று அது. சிரங்குக்கு வைத்தியம் என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் நம்பினேன். உண்மையில் அவள் போனது சித்தியைத் தேடி. எனக்கு அது பாதியில்தான் தெரிந்தது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையை ஒளித்து வைத்து வித்தை காட்டுகிற வயதா நமக்கு?

சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வரும்போது தங்கையையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தாளாம். இரண்டு பேருக்கும் மலையில் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரை. கொழுந்து பறிப்பதில் சித்தியின் கை வேகம், வாய் அதைவிட வேகம். லயத்துக் கூரையில் அரிசி காயப் போட்டுவிட்டுக் காகங்களோடு அவள் போடும் சண்டை அடுத்த லயம்வரை கேட்கும். "ஒன் மொகரக்கட்டையில கொள்ளிய வைக்க!" என்பாள். காகங்களுக்கும் அது பழகிப்போயிருந்தது.

அவளுக்குத் தேத்தண்ணீர் கறுப்பாக இருக்க வேண்டும். அப்பாவுக்கும் அவளுக்கும் அதில்தான் தினமும் வம்பு.

"ஸ்டோர்ல குடுக்கிற தூளு மாசம் முழுக்க வரணும்டி. நீ ஒருத்தியே காச்சிக் குடிச்சுருவ போலருக்கே."

"சாயம் இல்லாட்டி அது சுடுதண்ணி மச்சான்."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே தன் கோப்பையில் பாதியை அவளுடையதில் ஊற்றுவார். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்பாவுக்குத் தெரிந்த ஒரு ஆள் கொழும்பில் பெரிய வீட்டுக்குப் பெண் வேண்டுமென்று வந்தான். மழையிலும் அட்டையிலும் கிடக்காமல் இந்தப் பிள்ளையாவது நிழலில் இருக்கட்டும் என்று அப்பா சம்மதித்தார். தலவாக்கலை ஸ்டேஷனில் சித்தியை ரயிலேற்றிவிட்டவரும் அவர்தான். முதல் தீபாவளிக்கு அவள் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு அந்த ஆள் மட்டும் வந்தான். உங்கள் பிள்ளை டிரைவர் ஒருவனோடு ஓடிவிட்டது என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான். லயம் முழுக்கக் காதை நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே வந்து, "இனி அவ பேச்சு இந்தக் காம்பராவுல கேக்கக் கூடாது" என்றார். கேட்கவில்லை. அப்பாவின் நெஞ்சு கல் என்று அம்மா நினைத்தாள், அம்மா நினைத்ததையே நானும் நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தலவாக்கலையில் நாமெல்லாம் யூனிபோர்ம் துணி வாங்கிய கடை முதலாளியை ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் என்கிற மாதிரி எல்லாரும் நானா என்று கூப்பிடுவோமே, அவர்தான். அவருடைய சொந்த ஊர் பேருவளை, கடற்கரையோரம். ஒரு நாள் அம்மா துணி எடுக்கப் போனபோது, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னார்.

"ஒன்ட தங்கச்சிர கொரல் மாதிரி ஒண்டு கேட்டன் புள்ள. எங்கட ஊருலேந்து பெந்தோட்டைக்குப் போற ரோட்டுல. ஹோட்டல் மதிலுக்கு அங்கால ஒரு பொண்ணு காகத்துக்கு ஏசிக்கிட்டு ஈந்தா. மொகரக்கட்டையில கொள்ளி வைக்கிறாளாம். எங்கட பக்கத்துல அப்பிடி ஏசுற ஆக்கள் இல்ல."

அம்மா துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "எந்த ஹோட்டலு நானா?"

"பஸ்ஸுல போகக்குள்ள கேட்டது, எதுண்டு செல்லத் தெரியா. மதில் முடிய இன்னொரு மதில். கேட்டுல போய் நிண்டா உள்ளுக்கு உடவும் மாட்டானுகள்." கொஞ்சம் நிறுத்தி, "கடல் பக்கத்துல மதில் இல்ல" என்றார். பிறகு குனிந்து என் கால்களைப் பார்த்தார். "இந்தப் புள்ளட காலுக்கு உப்புத் தண்ணி நல்லம். லீவுக்கு நாங்க போகக்குள்ள நீங்களும் வாங்க. ஊட்டுல எடம் ஈக்கி."

அம்மா அன்று மாலை அப்பாவிடம் சிரங்கைப் பற்றி மட்டும் சொன்னாள். அப்பா என் காலைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "நானா குடும்பத்தோடதானே? சரி, போய்ட்டு வா" என்றார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததில் அம்மாவுக்கே நம்பிக்கை வரவில்லை.

கொழும்பில் ரயில் மாறியதும் பாதைக்குப் பக்கத்திலேயே கடல் வந்துவிட்டது. அம்மா ஜன்னலோரம் எழுந்து நின்று கும்பிட்டாள். எவ்வளவு நேரமானாலும் தண்ணீர் முடிகிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் நானாவிடம், "இம்புட்டுத் தண்ணிக்கும் அணைக்கட்டு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். நாம் பார்த்த பெரிய தண்ணீரெல்லாம் யாரோ கட்டி நிறுத்திய தண்ணீர்தானே. நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது அல்லா கட்டினது புள்ள, எங்கண்டு தெரியா" என்றார்.

நானா வீட்டு மாமி எங்களுக்குப் பின்னறையைக் கொடுத்தாள். விடிந்தால் சோறு, விழித்தால் தேத்தண்ணீர். அம்மா வெளிக்கிட அவசரப்பட்டால், "தின்டுட்டுப் போங்க. கடல் எங்கயும் போகா" என்பாள்.

முதல் நாள் கடற்கரைக்கு இறங்குமுன் அம்மா மடியிலிருந்து சவுக்காரத் துண்டை எடுத்தாள். மணலோரத்தில் அடம்பன் கொடி பச்சையாகப் படர்ந்திருந்தது. பச்சை இருந்தால் அட்டை இருக்கும், அட்டைக்குச் சவுக்காரம் பூச வேண்டும். என் காலிலும் தன் காலிலும் முழங்கால்வரை தேய்த்தாள். நாங்கள் இறங்கினோம், முதல் அலை வந்தது, எங்கள் நாலு கால்களைச் சுற்றியும் நுரை பொங்கியது. மீன்காரர்கள் இரண்டு பேர் வலையைப் போட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு நடக்கவும் வரவில்லை. ஏற்றம் ஏறியே பழகிய உடம்பு. சமதரையிலும் முன்னால் சாய்ந்துதான் நடப்பாள். மணல் காலுக்குக் கீழே நழுவும், அவள் என் தோளைப் பிடிப்பாள், நான் விழுவேன். விழுந்த இடத்தில் உப்பு சிரங்கில் பட்டு உயிர் போகும். நான் அலறுவேன். "அப்பத்தான் ஆறும்" என்பாள், என்னைப் பார்க்காமலே. அவள் கண் ஹோட்டல்களின் பக்கம் இருக்கும்.

அந்தக் கரை முழுக்க ஹோட்டல்கள். ஒன்று முடிய ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கயிறு கட்டி, வாரி வைத்த மணல். தோட்டத்தில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வாசலை நாம் பெருக்குவதுபோல ஒரு ஆள் விடியற்காலையில் மணலைப் பெருக்கிக்கொண்டிருப்பான். பிரம்புக் குடைகள், சாய்வுக் கட்டில்கள், தென்னை மரத்தில் சுற்றிய வண்ண பல்புகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சங்கு விற்பவர்கள், மெழுகுச் சாயம் போட்ட பத்திக் துணியைத் தோளில் போட்டு விரித்துக்காட்டும் பெண்கள், ஆமைக் குஞ்சு பார்க்க வா என்று கூப்பிடும் ஆட்கள். கயிற்றோரம் காவலுக்கு ஒரு வோச்சர். அவன் விசிலுக்கு நாயும் ஒதுங்கும், நாங்களும் ஒதுங்குவோம்.

ஒதுங்குவது என்றதும்தான் பெரிய கதை. தோட்டத்தில் துரையின் ஜீப் வந்தால் நாம் என்ன செய்வோம்? ரோட்டை விட்டுத் தண்ணீர் ஓடும் கானோரம் இறங்கி, தலைத்துணியை எடுத்துவிட்டு, வண்டி போகும்வரை நிற்போம். நம் காலத்தில் துரைமார் நம் நாட்டவர்களாகிவிட்டார்கள், ஆனால் அம்மா சிறுமியாக இருந்தபோது வெள்ளைத் துரை பார்த்தவள். எதிரில் ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா தலைத்துணியை உருவினாள், என் கையைப் பிடித்தாள், ஒதுங்க இடம் தேடினாள். ஒரு பக்கம் ஹோட்டல் கயிறு, மறுபக்கம் கடல். அவள் கடலுக்குள் இறங்கினாள். முழங்கால் தண்ணீரில், தலையைக் குனிந்துகொண்டு, என்னையும் நிறுத்திக்கொண்டு நின்றாள்.

அந்த வெள்ளைக்காரி நாங்கள் தண்ணீரில் எதையோ கண்டுவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். ஓடிவந்து அவளும் இறங்கி எங்கள் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாள். அவனும் வந்தான். நாலு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே ஒன்றுமில்லை. அவன் அம்மாவிடம் என்னவோ கேட்டான். அம்மா, "சலாங்க தொர" என்றாள். அவன் யோசித்துவிட்டு அவனும் கைகூப்பினான்.

அன்று பகல்வரை எத்தனை வெள்ளைக்காரர்கள் வந்தார்களோ அத்தனை தடவையும் கடலுக்குள் இறங்கினோம். அடுத்த நாளும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் என் கால்கள் ஊறியதற்கும் சிரங்கு ஆறியதற்கும் அம்மாவின் மரியாதைதான் காரணம், வைத்தியம் அல்ல.

எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. மாமி கொடுத்த பால்மா டின்னில் கண்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தேன். அலை தேய்த்து மழுக்கிய பச்சைக் கண்ணாடித் துண்டு, கறுப்புக் கண்ணாடியின் ஒரு சில்லு, தெரியாத எழுத்தில் பெயர் போட்ட போத்தல் மூடி, பல் போன சீப்பு. வெள்ளைக்காரிகள் உடம்பில் பூசும் எண்ணெயின் வெறும் போத்தல் ஒன்றும் கிடைத்தது. அம்மா திறந்து முகர்ந்தாள். "தேங்கா எண்ணதான். இதுக்கு இம்புட்டு அலங்காரமா?" அந்த டின்னைப் பிறகு ஒரு பெருங்காற்று எங்கள் லயத்துத் தகரத்தோடு கொண்டுபோய்விட்டது. அந்தப் பச்சைக் கண்ணாடிக்காக மட்டும் இன்றும் ஏங்குகிறேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு வோச்சரால். அம்மா ஒரு ஹோட்டலின் கயிற்றைத் தாண்டி, பின்பக்கம் காயும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்து சிங்களத்தில் ஏசினான். அம்மாவின் சிங்களம் நம் சிங்களம்தான், சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்கு. நெஞ்சில் கையை வைத்து, "மகே நங்கி, மாத்தயா. மகே நங்கி" என்றாள். என் தங்கச்சி, என் தங்கச்சி. நான் டின்னைக் கீழே வைத்தேன். அவ்வளவு நாளும் அவள் ஏன் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் உற்றுப் பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"சித்தியவாம்மா தேடுறோம்?"

"அப்பாகிட்ட வாயத் தொறந்த, தோல உரிச்சுருவேன்."

வோச்சர் ஏச்சை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். எங்கள் ஹோட்டலில் அப்படி யாரும் இல்லை என்றான். அந்தப் பக்கம் கேட்டுப் பார், இந்தப் பக்கம் கேட்டுப் பார் என்று கையைக் காட்டினான். அதற்குப் பிறகு நானும் தேடினேன். எல்லாரும் கையைத்தான் காட்டினார்கள். சமையற்கட்டுப் பெண்கள், சங்குக்காரர்கள், சிலர் அனுதாபமாக, சிலர் சிரித்துக்கொண்டு. ஓடிப்போன தங்கையைத் தேடி மலையிலிருந்து ஒரு அக்கா வந்திருக்கிறாள் என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டது.

நானா கடை திறக்கத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. கடைசியாக ஆற்றுமுகத்தின் பக்கம் போனோம். அங்கே ஹோட்டல்கள் முடிந்துவிடும், கரை வெறிச்சென்று கிடக்கும். கவிழ்த்து வைத்த ஒரு படகின் மேல் அம்மா உட்கார்ந்தாள். அழுதாள். மலையில் வழுக்கி விழுந்து காலைப் பிசகிக்கொண்டபோதுகூட அழாதவள்.

"அம்மா செத்தப்போ எங்கையில குடுத்துட்டுப் போன புள்ளடி அது. கூட்டிட்டுப் போகாம நான் எப்பிடி அந்த லயத்துல ஏறுவேன்?"

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே தூரத்தில் பார்த்தேன். கரையோரமாக ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஊரில் சுமை கொண்டுபோகிறவர்கள் தலைமேல் வைப்பார்கள், அல்லது இடுப்பில். இவள் பெரிய துணிப் பொதியை முதுகில் போட்டு, அதன் கயிற்றை உச்சந்தலையில் மாட்டியிருந்தாள். கயிற்றுக்கடியில் மடித்த துணி. இடுப்பில், மலையில் நாம் சுற்றிக் கட்டும் படங்குக்குப் பதிலாக, ஒரு பிளாஸ்டிக் ஷீட். முன்னால் சாய்ந்து நடந்தாள், ஏறுவதற்கு அங்கே ஒரு மேடும் இல்லாதபோதும்.

"அம்மா, அங்க ஒருத்தவங்க கொழுந்துக் கூடை தூக்குறாங்க."

அம்மா நிமிர்ந்தாள். எழுந்து இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கூப்பிடுகிற மாதிரி நீட்டிக் கூப்பிட்டாள். "ஏ... தங்கச்சீ... ஓய்...!" மலையில் என்றால் அந்தக் குரல் திரும்பி வரும். கடல் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. அந்தப் பெண் மட்டும் நின்றாள். மெதுவாகத் திரும்பினாள். பொதியைத் தூக்கி எறியவில்லை, ஓடிவரவில்லை. ஒரு தென்னை மரத்தில் முதுகைக் கொடுத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை இறக்குகிற மாதிரி இறக்கிவைத்து, கயிற்றைத் தலையிலிருந்து எடுத்தாள். பிறகுதான் ஓடிவந்தாள்.

"ஏக்கா இப்பிடிக் கத்துற? இது என்ன நாலாம் நம்பர் மலையா?"

அம்மா அவளை ஓங்கி ஒரு அறை விட்டாள். அடுத்த நொடி கட்டிப்பிடித்துக்கொண்டாள். அறைந்த கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தாள். நான் சித்தியின் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்துக்கொண்டேன். அதில் சவுக்கார வாசனை அடித்தது.

"யாரு கூடடி ஓடுன? எங்க அவன்?"

"எவன்?" சித்தி உண்மையாகவே விளங்காமல் கேட்டாள்.

டிரைவரும் இல்லை, ஒருவனும் இல்லை. கொழும்பு வீட்டில் கேட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கார அம்மா வைத்துக்கொண்டாளாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன் என்று கேட்டதற்கு இரண்டு நாள் சோறில்லையாம். அந்த வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்த சிங்கள அம்மா ஒருத்தி வேலையை விட்டு ஊருக்குப் புறப்பட்டபோது இவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த அம்மாவின் ஊர் இந்த ஆற்றுமுகம். இரண்டு பேருமாக ஹோட்டல் துணிகளை வாங்கிவந்து வெளுத்துக் கொடுக்கிறார்கள். ஹோட்டல்களில் கேட்டவர்களுக்கெல்லாம் அவளைத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். பின்கதவால் வந்து பொதியை எடுத்துப்போகிறவளை யார் கவனிப்பார்கள்?

எங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஓலை வீடு, முற்றம் முழுக்க வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டு. சிங்கள அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு என் கால்களைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். சித்தி தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"சாயமே இல்லயே," என்றாள் அம்மா.

"இந்த ஊருத் தூளு மண்ணுக்கா. எம்புட்டுப் போட்டாலும் ஏறாது. நம்ம ஸ்டோர்த் தூளுல ஒரு பிடி கெடச்சா!"

"வந்து குடி. கெளம்பு, நாளைக்கு ரயிலு."

சித்தி கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் வரலக்கா."

அம்மா கெஞ்சினாள், ஏசினாள், செத்துப்போன அம்மாவை இழுத்தாள். சித்தி அசையவில்லை. "ஓடிப்போனவள்னு லயமே பேசியிருக்கும். நான் அப்பிடி இல்லன்னு யார் யாருகிட்ட சொல்லிக்கிட்டுத் திரியிறது? மச்சான் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது? இங்க என்னய ஒருத்தரும் எதுவும் கேக்கல. காலைல வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓட வேணாம். இந்தம்மா என்னய மக மாதிரி வச்சிருக்கு." பிறகு குரல் இறங்கியது. "ஆனா நீ வாக்கா. வருசத்துக்கு ஒருக்காவாச்சும் வா."

அடுத்த டிசம்பரில் வருகிறேன் என்று அம்மா அவள் தலையில் கைவைத்துச் சொன்னாள். கயிறு பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

எங்களை வழியனுப்ப சித்தி கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து வந்தாள். எதிரில் ஒரு வெள்ளைக்காரன் வந்தான். அம்மா வழக்கம்போல என் கையைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கினாள்.

"எங்கக்கா போற?"

"தொர வர்றாங்கடி."

"அவரு ஒனக்குப் பேர் போடுற தொரயா? பேசாம நேரா நட."

அம்மா மேலே ஏறி, தலையைக் குனியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தாள். அவன்தான் விலகிப் போனான். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள், பின்னால் வந்து ஏதும் சொல்வானோ என்று.

ஊருக்கு வந்ததும் அப்பா என் காலைப் பார்த்தார். புண்ணெல்லாம் காய்ந்து புதுத் தோல் வந்திருந்தது. "கடல் நல்ல மருந்துதான் போலருக்கு" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். தங்கையைக் கண்டேன் என்று சொல்லவும் முடியாது, கூட்டி வரவில்லை என்று அழவும் முடியாது.

அந்த வருஷம் முழுக்க அவளுக்கு ஒரே கவலை, அடுத்த டிசம்பருக்கு என்ன சொல்லிப் போவது என்று. எனக்கும்தான். என் காலில் ஒரு பொட்டுச் சிரங்கு இல்லை. ஈரப் புல்லில் போய் வேண்டுமென்றே நின்றேன். அட்டைகள் ஏறின, குடித்தன, விழுந்தன. நானும் சொறிந்து பார்த்தேன். ஒன்றுகூடப் பழுக்கவில்லை. அதற்குள் டீச்சர் என்னைக் கதவோரத்திலிருந்து முன் பெஞ்சுக்கு மாற்றிவிட்டாள். உங்களில் ஒருத்தி அதற்காக என்னோடு பேசாமலிருந்தாள். யார் என்று சொல்லமாட்டேன், இதை வாசிக்கும்போது அவளுக்கே தெரியும்.

டிசம்பர் வந்தது. நானா ஊருக்குக் கிளம்ப இரண்டொரு நாள் இருக்கும்போது, மாலையில், அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்தே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"புள்ளைக்குக் காலு திரும்பச் சொறியுதாங்க. ராவுல தூங்கவே மாட்டேங்குது."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. குரல் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். என் வலது காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். வெளிச்சம் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று இருந்தது என் கால். பிறகு இடது காலையும் பார்த்தார். அடுப்படியில் அம்மா கரண்டியைக்கூட அசைக்கவில்லை.

"அடேயப்பா," என்றார் அப்பா. "போன வருசத்த விட மோசமால்ல இருக்கு. உப்புத் தண்ணியிலதான் கேக்கும். கூட்டிட்டுப் போ."

நானா அவரிடம் சொல்லியிருக்கலாம். முதல் தடவை நாங்கள் கிளம்பும்போதே அப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். நாங்கள் கடைசிவரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தன் கையாலேயே ரயிலேற்றி அனுப்பிய பிள்ளையைப் பற்றிப் பேச அவருக்கு வாய் வரவில்லை என்பதும், கல் என்று நாங்கள் நினைத்தது வெட்கம் என்பதும், நான் அவருடைய வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குப் புரிகிறது.

அப்பா என் காலைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து உள்ளே போனார். பெட்டிக்கடியில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். ஸ்டோரில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூள். ஒரு மாதத்துத் தூள் அல்ல. அந்த வருஷம் முழுக்க எங்கள் தேத்தண்ணீர் ஏன் வெளுத்துக்கிடந்தது என்பது அப்போது விளங்கியது.

"இதையும் கொண்டு போ," என்றார். "சாயம் இல்லாட்டி அவ குடிக்க மாட்டா."